ராஜேஸ்வரியக்கா வீட்டு மூன்று அடுப்புகள்

செத்துப்போன கேஸ்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ராஜேஸ்வரியக்கா. எப்போதும் "சாப்டாச்சுங்களா அம்மணி" என்று தொடங்கி, என் வீட்டுக் கோழி முட்டை வைத்ததா என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று எடுத்த எடுப்பில் விஷயம்.

"அம்மணி, நீங்க போட்டுக் குடுத்த கேஸ் செத்துப்போச்சுங்க. டிரம்மு அடியில போயி உக்காந்துக்கிச்சு. பத்த வெச்சா புஸ்ஸுங்குது, அதோட சரி."

பேஸ்ட் நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன். சாணம் கரைத்து ஊற்றும் கோபர் கேஸ் தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் டிரம், உள்ளே கேஸ் சேரச் சேர மேலே எழும்பும். அது அடியில் உட்கார்ந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். வேறொரு நாள் என்றால் "பாத்துக்கலாங்க்கா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போயிருப்பேன். அன்று முடியாது. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் கமிட்டிக்காரர்களும் உறுப்பினர்களும் அன்று காலையில்தான் அக்கா வீட்டுக்கு வந்து அந்த அடுப்பு எரிவதைப் பார்ப்பதாக ஏற்பாடு.

பார்த்துவிட்டு ஒரு முடிவெடுப்பார்கள். அடுப்பு வாங்கச் சொசைட்டி தரப்போகும் உதவியை அவரவர் கையில் கொடுத்து, பிடித்ததைப் பிடித்த கடையில் வாங்கச் சொல்வதா? இல்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இண்டக்‌ஷன் அடுப்பை எதிர்க்கடை வேலுச்சாமி சாரிடமிருந்து மொத்தமாக இறக்குவதா? இரண்டாவது நடந்தால் நான் என் அடுப்புக் கடை ஷட்டரைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மீனாட்சிபுரம் பக்கத்தில் சொசைட்டிக்குப் பால் ஊற்றாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் கடையில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நாளைத்தான் பாடமாகச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

வேலுச்சாமி சார் சொல்லிக் கொடுத்தது

நான் தொழில் கற்றது அதே வேலுச்சாமி சாரிடம்தான். பாலக்காட்டில் எங்கள் அத்தா துணிக்கடை வைத்திருந்தார். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகு, துணி மடிக்கத் தெரிந்த எனக்கு அடுப்பு துடைக்கிற வேலை கிடைத்தது. முதல் நாளே சார் என்னை நிற்க வைத்துச் சொன்னார்.

"ஷமீமா, வர்றவிய என்ன கேக்கறாங்கன்னு காதுல போட்டுக்காத. நம்மகிட்ட என்ன இருக்குதோ அதைத்தான் அவிய தேடிட்டு வந்திருக்காங்க. அவியளுக்கு அது தெரியாது. நீ சொல்லோணும்."

நானும் சொன்னேன். வருஷக்கணக்காகச் சொன்னேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல் கேஸ் அடுப்பு. இரண்டு பர்னர் கேட்டவருக்கும் மூன்று பர்னர்தான், நின்று சமைக்க முடியாத இடுப்பு வலிக்காரருக்கும் மூன்று பர்னர்தான். பிறகு சார் ஒரு நாள் இண்டக்‌ஷனுக்கு மாறினார். மறுநாளிலிருந்து ஊரில் எல்லோருக்கும் இண்டக்‌ஷன்தான் தேவைப்பட்டது. சார் கெட்டவர் இல்லை. சரக்கு சுத்தம், சர்வீஸ் சுத்தம், சம்பளம் ஒன்றாம் தேதி டான் என்று வந்துவிடும். வாங்க வருகிறவரை மட்டும் அவர் நம்பவே மாட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலையை விட்டு, அதே தெருவில் எதிர்ச்சாரியில் ஒரு மடிகை, அதாவது கடை அறை, பிடித்தேன். கேஸ், இண்டக்‌ஷன், புகையில்லா விறகு அடுப்பு, கோபர் கேஸ் பிளாண்ட், எல்லாம் வைத்தேன். போர்டில் "எல்லா அடுப்பும் உண்டு" என்று எழுதச் சொன்னேன். பெயின்டர் "கடை பேரு என்னங்க" என்று கேட்டார். இதுதான் பேர் என்றேன். சார் எதிரே நின்று போர்டை வாசித்துவிட்டு, "எல்லாத்தையும் வெச்சா எதைம்மா விப்பே" என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார், அதுதான் எரிச்சல்.

ஒரே வண்டியில் மூன்று ரகசியம்

ராஜேஸ்வரியக்காவுக்குத் தொழுவம் நிறைய மாடு. தொழுவத்தைக் கொங்குத் தமிழில் கட்டுத்தறை என்பார்கள். "இத்தனை சாணிய வெச்சுட்டு சிலிண்டருக்குப் போன் பண்ணிட்டு உக்காந்திருக்கறதுக்கு எனக்குக் கிறுக்காங்க" என்று சொல்லி, கோபர் கேஸ் பிளாண்ட் போடச் சொன்னார். ஆள் விட்டுத் தொட்டி இறக்கிக் குழாய் இழுத்தாகிவிட்டது. பர்னர் மட்டும் பாக்கி.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்காரர் கனகராஜ் அண்ணன் தனியாக வந்தார். மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டவர்.

"மேல இருந்து வர்ற கரண்ட்ட எல்லாம் போர்டுக்காரனுக்கே ஊத்திட்டு இருக்கறனுங்க. ஒரு கரண்டு அடுப்பு குடுங்க. காப்பித் தண்ணிக்கு நானே வெச்சுக்கறேன். ஊட்ல மட்டும் சொல்லிப்போடாதீங்க, அவ சாணி சாணின்னு நிக்கறா."

சொல்ல மாட்டேன் என்றேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணனின் அம்மா பழனியம்மா.

"தோப்புல மட்டையும் பாளையும் கேக்க நாதியில்லாம மக்கிக் கெடக்குது. பொகை வராத வெறகு அடுப்பு இருக்குதாமா உன்ற கடையில. ஒண்ணு குடு. மருமவளுக்குத் தெரிய வேண்டாம், சண்டைக்கு வருவா."

மூன்று பேருடைய ரகசியமும் என் வயிற்றுக்குள். எனக்கோ ரகசியம் என்றால் இருமல் வரும். கடைசியில் என் வாய் காட்டிக் கொடுக்கவில்லை, கூட்ஸ் ஆட்டோக்காரர் காட்டிக் கொடுத்தார். ஒரே முகவரி என்பதால் பர்னர், இண்டக்‌ஷன், விறகு அடுப்பு மூன்றையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போய், வாசலில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, "மூணும் உங்க ஊட்டுக்குத்தானுங்களே" என்று கேட்டிருக்கிறார். மூன்று பேரும் வாசலில் நின்று அடுப்பையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது பழனியம்மா என்று கேள்வி.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையைப் பார்த்தால் என் கடையின் கிளை மாதிரி இருக்கும். மருமகள் சாணக் கேஸில் சோறு வைப்பார். மகன் சோலார் கரண்டில் காப்பி போடுவார். மாமியார் மட்டை எரித்துக் குழம்பு கொதிக்க வைப்பார். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அடுப்புக்கு நிற்கிற வரிசையே இல்லாமல் போய்விட்டதே, சண்டைக்கு எங்கே நேரம்?

இந்தச் சமயத்தில்தான் சொசைட்டியில் அந்த ஆனுகூல்யம், அதாவது உறுப்பினர்களுக்கான உதவி, பேச்சுக்கு வந்தது. வேலுச்சாமி சார் மொத்தமாகத் தருகிறேன் என்று விலை குறைத்துச் சொன்னார். பிரசிடெண்ட் ஆறுச்சாமி அண்ணனுக்கு வேலை சுலபம், சரி என்று சொல்லப் போனார். ராஜேஸ்வரியக்கா கூட்டத்தில் எழுந்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஒரே அளவுல ஜாக்கெட் தெச்சுக் குடுத்தா நாங்க போட்டுக்குவமுங்களா? என்ற ஊட்ல மூணு பேருக்கே மூணு அடுப்பு. வந்து பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அப்படி வந்த ஏற்பாடுதான் அது. அன்றைக்குப் பார்த்துத்தான் கேஸ் செத்தது.

ஆஸ்பத்திரி வாசனை

ஸ்கூட்டரை அக்கா வீட்டு கேட்டில் நிறுத்தும்போதே மூக்கு சொல்லிவிட்டது. சாண வாசனை வர வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி வாசனை. கட்டுத்தறை பளபளவென்று இருந்தது. மாடுகள் புது இடத்துக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி கூச்சத்தோடு நின்றன. கனகராஜ் அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"கமிட்டிக்காரவிய வர்றாங்கல்லங்க. ரெண்டு மூணு நாளா பினாயில் போட்டுக் கழுவறமுங்க. நேத்து பிளீச்சிங் பவுடரும் போட்டோம். ஒரு ஈ இல்ல பாருங்க."

"ஈ இல்லீங்க அண்ணா. கழுவுன தண்ணி எங்கீங்க போச்சு?"

அவர் விரலால் தரையில் ஓடும் வாய்க்காலைக் காட்டினார். விரல் வாய்க்கால் போன வழியே போனது. மூலை திரும்பியது. கோபர் கேஸ் தொட்டிக்குச் சாணம் போகும் இன்லெட்டுக்கு மேலே போய் நின்றது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் முகமும்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கோபர் கேஸில் கேஸ் விடுவது தொட்டி இல்லை, சாணத்துக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். அவை தின்று, செரித்து, விடுவதுதான் கேஸ். பினாயில் கண்டுபிடிக்கப்பட்டதே அந்த மாதிரிப் பூச்சிகளைக் கொல்லத்தான். பால் கறக்கிற வீட்டுக்காரர்களுக்குக் கட்டுத்தறைச் சுத்தம் என்றால் சாமி கும்பிடுகிற மாதிரி. மாடு வைக்காத ஆள் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. சேர்த்து வைத்திருந்த கேஸாவது மிச்சம் இருக்கும் என்று பார்த்தால், அதை முழுக்க வருகிறவர்களுக்கு முறுக்கு சுடுவதற்கே செலவழித்திருக்கிறார் அக்கா.

"இனி எப்பங்க எரியும்?" என்று கேட்டார் அக்கா.

"தொட்டியில பாதியக் காலி பண்ணி, புதுச் சாணி கரைச்சு ஊத்தி, ஓடிட்டு இருக்கற வேற பிளாண்ட்டுல இருந்து கொஞ்சம் கரைசல் கொண்டாந்து சேக்கோணுங்க்கா. வாரக்கணக்கு ஆகும்."

அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன காரணமோ, பளபளக்கிற கட்டுத்தறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. கடை போகப் போகிறது என்று தெரிந்தும் சிரித்த சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்து நின்றது.

கனகராஜ் அண்ணன்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். "ஊட்ல ஒரு சிலிண்டர் சும்மா கெடக்குதுங்க. மேடைக்கு அடியில வெச்சு, அந்த டியூப்ப இந்த அடுப்புல மாட்டியுட்டா? நெருப்பு நெருப்புதானுங்களே, எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

கோபர் கேஸ் பர்னரின் ஓட்டை பெரிசு. அதில் சிலிண்டர் கேஸை விட்டால் தீ கூரையை நக்கும். அதைச் சொல்லி மறுத்தேன். ஆனால் அந்த ஓட்டை மட்டும் சரியான அளவில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நான் இன்று வரை என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முறுக்குச் சட்டி

ஜீப்பிலும் டூவீலரிலும் வந்து இறங்கினார்கள். ஆண்கள் கொஞ்சம், பெண்கள் நிறைய. பின்னாலேயே வேலுச்சாமி சார், கக்கத்தில் இண்டக்‌ஷன் டப்பாவோடு. நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"பிரசிடெண்ட் அண்ணா, கேஸ் இன்னைக்கு எரியாதுங்க. பினாயில் தண்ணி தொட்டிக்குள்ள போயிருச்சு. வாரக்கணக்கு ஆகும் சரியாக."

கூட்டத்தில் ஒரு "அடடா" கேட்டது. ஆறுச்சாமி அண்ணன் மீசையைத் தடவினார். சார் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இதுக்குத்தானுங்க நான் ஆரம்பத்துல இருந்தே சொல்றது. சாணியும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். சுச்சுப் போட்டா சூடு" என்று சொல்லி டப்பாவைப் பிரித்து மேடையில் வைத்தார். கேட்காமலே பக்கத்தில் இருந்த குண்டாவில் பாலை ஊற்றி மேலே ஏற்றினார். பட்டனை அமுக்கினார்.

பீப் பீப் பீப்.

திரும்ப அமுக்கினார். திரும்ப பீப். சாருக்கு வேர்த்தது. ஊர் முழுக்க விற்றவர்தான், பாத்திரத்தைக் கவனிக்கவில்லை. அது அலுமினியக் குண்டா. இண்டக்‌ஷன் அலுமினியத்தை ஒரு பாத்திரமாகவே மதிக்காது. அடுத்து வைத்தது பித்தளை உருளி. அதற்கும் பீப். பால் கறக்கிற வீட்டில் பாத்திரமெல்லாம் அலுமினியமும் பித்தளையும்தான்.

"ஊட்ல இதுக்குன்னு ஒரு இரும்புச் சட்டி இருக்குமே, கனகு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் சார்.

"இருக்குதுங்க. அதுலதானுங்க முறுக்கு இருக்குது" என்றார் அண்ணன்.

முறுக்கைக் கொட்ட வேறு பாத்திரம் தேடினார்கள். ஒருவர் துண்டை விரித்தார். இன்னொருவர், "கொட்டறதுக்கு எதுக்குங்க, தின்னுட்டாப் போகுது" என்று ஆரம்பித்து வைத்தார். கமிட்டி மொத்தமும் சட்டியைச் சுற்றி நின்று முறுக்கு தின்றது. இந்த ரகளைக்கு நடுவில் பழனியம்மா சத்தமில்லாமல் மூலையில் தன் விறகு அடுப்பில் நாலு பாளையைச் செருகி, எல்லோருக்கும் டீ போட்டு டம்ளரில் ஊற்றிவிட்டார்.

"அப்ப எல்லாருக்கும் வெறகு அடுப்பே வாங்கிப் போடலாமுங்களா?" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார் பிரசிடெண்ட். அவருக்கு எதுவானாலும் ஒன்றாக இருந்தால் போதும்.

அவ்வளவுதான், பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு மூச்சு ஆகாதுங்க. பொகையில்லா அடுப்புன்னாலும் பத்த வெக்கையில வர்ற பொகைக்கே நான் ஆஸ்பத்திரிதான்."

"எங்க தோட்டத்துல பொழுது சாஞ்சா வோல்டேஜே இருக்காதுங்க. பல்பே மினுக்கு மினுக்குங்குது, கரண்டு அடுப்பு எங்கீங்க எரியும்?"

தனலட்சுமியக்கா என்று ஒருவர், பஸ் ஸ்டாப் பக்கம் குடியிருப்பவர், ஒரே ஒரு மாடு. "என்ற ஊடு வாடகை ஊடுங்க. குழி தோண்டுனா ஊட்டுக்காரரு என்னையத் தூக்கி அதுக்குள்ள போட்டுருவாரு."

ஒரே நேரத்தில் எல்லோரும் தங்கள் சமையலறையைப் பற்றிப் பேசினார்கள். மேடை உயரம், மாடு எண்ணிக்கை, மாமனாரின் இருமல், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை, எல்லாம் வந்தது. சந்தை மாதிரி சத்தம். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது. இத்தனை வருஷம் கடையில் இவர்கள் தலையாட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

பிரசிடெண்ட் கையைத் தட்டி அடக்கினார். "இரும்மா, இரும்மா. ஷமீமா, நீயே சொல்லு. இவிய யாருக்கு எது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதைக் கேட்டாலும் என் கடையில் இருக்கிறது. எதையும் என் கடைக்கே இழுத்திருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டவர்கள் முகம் முகமாக எதிரில் நின்றார்கள்.

"தோட்டத்து அக்காவுக்கு மாடு நெறைய இருக்குதுங்க, வோல்டேஜ் இல்ல. கோபர் கேஸ் போடட்டும், பினாயில் மட்டும் போடாம இருக்கட்டும். மூச்சு முட்டற அக்கா வெறகுப் பக்கமே போக வேண்டாம். தனலட்சுமியக்காவுக்கு இண்டக்‌ஷன்தான். அதுலயும் சார் வெச்சிருக்கற மாடல் நல்லதுங்க. என்கிட்ட இருக்கறதை விடச் சின்னது, வாடகை ஊட்டு மேடையில அடங்கும். பாத்திரம் மட்டும் பாத்து வாங்கோணும்."

சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையில் பாதி முறுக்கு.

ஆறுச்சாமி அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப ஒருத்தருக்கு ஆகறது இன்னொருத்தருக்கு ஆகாதுங்கறே. செரி, நமக்கெதுக்கு இந்த வம்பு. அந்த உதவிக்கு ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துரலாம். எந்தக் கடையில வேணாலும் எந்த அடுப்பு வேணாலும் வாங்கிக்குங்க. அப்பறம் இது நல்லால்ல, அது நல்லால்லன்னு என்ற ஊட்டு வாசல்ல வந்து நிக்கப்படாது."

ராஜேஸ்வரியக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சந்தோஷத்தில்தான். மறுநாள் வரை வலித்தது.

சீட்டோடு வந்த முதல் ஆள்

அக்கா வீட்டு டிரம் பிறகு மெதுவாக எழும்பிவிட்டது. அது வேறு விஷயம். எனக்குப் பாடம் கிடைத்தது சீட்டு கொடுத்த மறுநாள்.

கடை திறந்து சாம்பிராணி காட்டி முடிக்கவில்லை, தனலட்சுமியக்கா சீட்டோடு வந்துவிட்டார். உட்கார்ந்தார். எல்லா அடுப்பையும் போட்டுக் காட்டச் சொன்னார். இதில் தோசை ஒட்டுமா, அதில் ஷாக் அடிக்குமா என்று ஒன்று விடாமல் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பிறகு எழுந்து, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க அன்னிக்குச் சொன்னீங்கல்ல, அந்தச் சின்ன அடுப்பு. நான் அங்கயே வாங்கிக்கறனுங்க."

எனக்கு வந்ததே கோபம். முதல் சீட்டு, முதல் ஆள், என் நாற்காலி, என் டீ. எதிர்க்கடையைக் காட்டியதும் நானேதான். முகம் சிவந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஒரு அடி பின்னால் போனார். பயந்துபோன அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. சார் கடையில் இருந்த காலத்தில் இப்படி ஒருவர் கூட என்னிடம் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு வேறு கடை ஏது? வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர் "வேணும்" என்று சொன்னால்தான் அது வியாபாரம். மற்றதெல்லாம் தள்ளிவிடுவது. நான் போராடிக் கேட்டது இதைத்தான், இதோ புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு எதிரில் நிற்கிறது.

"கோவமெல்லாம் இல்லீங்க்கா. வாங்க போலாம்" என்றேன்.

"எங்கீங்க?"

"சார் கடைக்கு. நீங்க தனியாப் போனா பெரிய மாடலைக் கட்டி அனுப்பிருவாரு. அவர்கிட்ட எப்படிப் பேசோணும்னு எனக்குத்தான் தெரியும்."

ரோட்டைத் தாண்டி, வருஷக்கணக்காக நான் துடைத்த அதே கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு இருவரும் உள்ளே போனோம். சின்ன மாடலை எடுத்து வைக்கச் சொன்னேன். சார் விலை சொன்னார். அந்த அடுப்பு அவருக்கு என்ன விலையில் வந்து இறங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம். "அவ்வளவு ஆகாதுங்க சார்" என்றேன். அவர் இறங்கினார். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் இறங்கினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா ஷமீமா, நீ இப்ப எந்தக் கடையில வேலை பாக்கறே?"

"இன்னைக்கு தனலட்சுமியக்காகிட்டங்க சார்."

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் தனலட்சுமியக்கா, அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நின்றவர், ஒரு அடி முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படீன்னா அம்மணி," என்று என் பக்கம் திரும்பினார், "அந்த இரும்புச் சட்டியையும் சேத்திக் கேளுங்க."